லேபிள் ஒட்டினா பால்கோவா ஆயிடுமா?



ஒரு சின்னக் கேள்வி. வெளியூர்ல எங்கேயோ காய்ச்சின பால்கோவாவை டின்ல அடைச்சுக் கொண்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கடையில வச்சு, சின்ன டப்பாவுல போட்டு லேபிள் ஒட்டி வித்தா, அதை "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா"னு ஒத்துக்குவீங்களா? மாட்டீங்க. 2019-ல நம்ம பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது டப்பாவுக்காக இல்லை. இந்த வட்டாரத்துப் பாலும் இந்த ஊர்க்காரங்க கைப்பக்குவமும் சேர்ந்ததுக்குத்தான்.

இப்போ அதே கேள்வியை உங்க வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்துக் கேளுங்க. ஸ்டிக்கர்ல "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது"னு இருக்கும். தமிழ்நாட்டுலயே செஞ்சதாகவும் இருக்கலாம். ஆனா உள்ளே இருக்கிற பாகத்துல எத்தனை இங்க செஞ்சது? அந்த வேலையில நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது எவ்வளவு? செஞ்ச தொழிலாளிக்கு என்ன மரியாதை கிடைச்சது? மேடையில யாராவது "இத்தனை ஆயிரம் கோடி முதலீடு"னு சொல்லும்போது நாம கைதட்டணுமா, கேள்வி கேட்கணுமாங்கிறது இந்த மூணுக்கும் கிடைக்கிற பதில்லதான் இருக்கு.

முதல் கேள்வி: பாகம்.

மெக்கானிக்கல் படிச்ச தோழர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கோங்க, மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குறது இல்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுது. அந்தத் தள்ளுற வேலைக்கு மூலகாரணம் பின்பக்கம் கீழே இருக்கிற கறுப்பு உருண்டை, கம்ப்ரஸர். உள்ளே ஒரு மோட்டார், ஒரு பிஸ்டன். வெல்டிங் பண்ணி மூடிட்டா, பத்துப் பதினஞ்சு வருஷம் திறக்காமலே ஓடணும். மைக்ரான் கணக்குல கடைசல் பிடிக்கணும். வார்ப்பு, கடைசல், வைண்டிங் மூணும் கைவந்த ஊர்லதான் அதைச் செய்ய முடியும்.

மத்தது என்ன? வெளிக்கூட்டுக்குத் தகடு, உள்ளே பிளாஸ்டிக், நடுவுல ஃபோம், கதவுக்குக் காந்த ரப்பர், ஒயர் கட்டு, எலக்ட்ரானிக் போர்டு. இதையெல்லாம் வெளியே வாங்கி, லைன்ல நின்னு மாட்டுறதுக்குப் பேர் அசெம்பிளி. அசெம்பிளி ஒண்ணும் கேவலமான வேலை இல்லை, பல ஆயிரம் வீட்டுல அடுப்பு எரியறது அதை வச்சுத்தான். ஆனா ஒரு அசெம்பிளி லைனை வேற மாநிலத்துக்குத் தூக்கிட்டுப் போறது சுலபம். பாகம் செய்யற பட்டறைகள் நிறைஞ்ச ஒரு ஊரை யாராலயும் தூக்கிட்டுப் போக முடியாது.

இது டெல்லிக்கும் தெரியும். 2020 அக்டோபர்ல, கேஸ் நிரப்பின ஏசியை இறக்குமதி பண்ணத் தடை போட்டாங்க. 2021 ஏப்ரல்ல ஏசிக்கும் எல்இடி விளக்குக்கும் 6,238 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டு வந்தாங்க. அதுல ஒரு நல்ல நிபந்தனை: வெறும் அசெம்பிளிக்குப் பணம் கிடையாது, பாகம் செஞ்சாத்தான். சரியான யோசனை. ஆனா ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் அந்தத் திட்டத்துலயே இல்லை.

தமிழ்நாட்டுக்கும் நல்ல செய்தி இருக்கு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2022-ல சாம்சங் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர்ல ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் தொழிற்சாலைக்கு 1,588 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டுச்சு. 2023-ல மிட்சுபிஷி எலக்ட்ரிக் கும்மிடிப்பூண்டி பக்கம் ஏசியும் கம்ப்ரஸரும் செய்ய 1,891 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டுச்சு. ரெண்டுமே பாகம் செய்யற முதலீடு. வரவேற்போம்.

இப்போ ரெண்டாவது கேள்வி: நம்ம மாவட்டம்.

மேல சொன்ன ஊர்ப் பேரைத் திரும்பப் படிங்க. ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி. இன்னும் கொஞ்சம் வடக்கே போனா ஆந்திராவோட ஸ்ரீசிட்டி. அங்க டைக்கின் இருக்கு. 2025 மே மாசம் எல்ஜியும் 5,001 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு அங்கதான் அடிக்கல் நாட்டுச்சு. எல்லாமே சென்னையைச் சுத்தி. ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் டிப்ளமோ, ஐடிஐ, பி.இ. முடிச்ச நம்ம பசங்க சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, விடிஞ்சதும் எழும்பூர்ல இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிச்சு அந்த லைனுக்குப் போறாங்க. ஒரு ரூமுக்கு ஆறு பேர். ஊர்ல இருக்கிற அம்மாவைப் பார்க்கணும்னா தீபாவளி, பொங்கல்.

"அது துறைமுகம் பக்கம், நம்ம ஊருக்கு எல்லாம் வருமா?"னு கேட்பீங்க. கோயம்புத்தூரைப் பாருங்க. அங்க துறைமுகம் இல்லை. முதல்ல இருந்தது நூல் மில். மில் ஓடினா ஸ்பேர் பார்ட்ஸ் வேணும், அதுக்குப் பட்டறை வந்துச்சு. 1937-ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து அந்த ஊர்லயே எலக்ட்ரிக் மோட்டார் செஞ்சாங்க. மோட்டார் வந்ததும் பம்புசெட் வந்துச்சு. 1955-ல பி. சபாபதி அதே மோட்டாரை ஆட்டுக்கல்லோட சேர்த்தாரு. பிறந்தது வெட் கிரைண்டர். தமிழ்நாட்டுப் பெண்கள் விடியக்காலையில உட்கார்ந்து கையால மாவாட்டின கொடுமைக்கு முடிவு கட்டின மெஷின், தமிழ்நாட்டுலயே கண்டுபிடிச்சது. கல்லு ஊத்துக்குளி பக்கத்துல இருந்து, மோட்டார், டிரம், பாடி எல்லாம் அக்கம்பக்கத்துப் பட்டறையில இருந்து. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது இதனாலதான். நம்ம பால்கோவா மாதிரியே.

இப்போ நம்ம ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினது 1936-ல. கோயம்புத்தூர்ல மோட்டார் செஞ்சதுக்கு ஒரு வருஷம் முன்னாடி! நமக்கும் மில் வந்துச்சு. மில் ஃபிட்டரும் வைண்டரும் எலக்ட்ரீஷியனும் தலைமுறை தலைமுறையா உருவானாங்க. சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்து நாடு முழுக்க அனுப்புறாங்க. ராஜபாளையத்துல பாலிடெக்னிக் இருக்கு, கிருஷ்ணன்கோவில்ல பல்கலைக்கழகம் இருக்கு. பக்கத்துல சிவகாசியில அச்சும் அட்டைப்பெட்டியும் கைவந்த தொழில். இத்தனை இருந்தும் மில்லுல இருந்து மோட்டாருக்கும், மோட்டார்ல இருந்து மெஷினுக்கும் போற அந்த அடுத்த படி இங்க பெருசா நடக்கலை. நம்ம ஆளுகளுக்குத் திறமை இல்லைன்னா நடக்கலை? திட்டம் போட்டு இந்தப் பக்கம் கொண்டு வர யாரும் மெனக்கெடலை.

இப்பவும் மாவட்டத்துக்கு அறிவிச்ச பெரிய திட்டம் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா. வரட்டும், நல்லதுதான். ஆனா ஜவுளியை மட்டுமே நம்பின ஊர் என்ன ஆகும்னு, பஞ்சு விலை ஏறுனா ஷிஃப்ட்டைக் குறைக்கிற மில் தொழிலாளி வீட்டுல கேட்டுப் பாருங்க.

நாம முழு ஃப்ரிட்ஜ் ஃபேக்டரி கேட்கலை. ஒயர் கட்டு, சின்ன மோட்டார் வைண்டிங், பிளாஸ்டிக் மோல்டிங், கதவு ரப்பர், தகடு வேலை, பேக்கிங் அட்டை. இதுல எதுக்கும் கடற்கரை தேவையில்லை. அப்படியே துறைமுகம் வேணும்னாலும் தூத்துக்குடி மூணு மணி நேரப் பயணம். அந்தத் தூத்துக்குடியில 2025 ஆகஸ்ட்ல வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலையே திறந்தாச்சு. தெற்கே தொழிற்சாலை வராதுங்கிற கதை அன்னைக்கே முடிஞ்சது.

மூணாவது கேள்வி: தொழிலாளி.

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலை 2007-ல இருந்து ஓடுது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி. 2024 செப்டம்பர் 9-ம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. 37 நாள். சம்பளம், வேலை நேரம் எல்லாம் கோரிக்கையில இருந்துச்சு. ஆனா மையக் கோரிக்கை எங்க சங்கத்தைப் பதிவு பண்ணுங்கங்கிறது. 1926-லயே வெள்ளைக்காரன் காலத்துல சட்டமான உரிமை. அதுக்கு 2024-ல பந்தல் போட்டு உட்கார வேண்டியிருந்துச்சு. போராட்டம் அக்டோபர் 15-ல முடிஞ்சாலும், சங்கம் பதிவானது 2025 ஜனவரி 27-ல்.

"சங்கம் வந்தா கம்பெனி ஓடிப் போயிடும்"னு அப்போ வாட்ஸ்அப்ல எத்தனை ஃபார்வர்டு! அதே 2024 ஜூலையில சாம்சங்கோட சொந்த நாடான தென் கொரியாவுலயே அந்தக் கம்பெனித் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் பண்ணுச்சு. கொரியாக்காரனுக்கு உள்ள உரிமை நம்ம தம்பிக்கு இருக்கக் கூடாதா? 1908-ல வ.உ.சி. கோரல் மில் தொழிலாளிகளோட நின்ன மண்ணு நம்ம தெக்குச் சீமை. 1918-ல இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்தது சென்னையில. சங்கம்ங்கிற வார்த்தையைப் பார்த்து நாம பயப்பட வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு கணக்கு. கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 2017-ல முதல்ல 28 சதவீதம். அந்த நவம்பர்லயே 12 ஆச்சு, 2019-ல 5 ஆச்சு. 2022 ஜூலை 18-ல இருந்து ஒரே தாவுல 18. அதாவது 5,000 ரூபாய் கிரைண்டருக்கு 250 ரூபாயா இருந்த வரி 900 ரூபாய் ஆச்சு. 2025 செப்டம்பர்ல ஏசிக்கு 28-ல இருந்து 18-ஆ குறைச்சாங்க. குறைச்சது சந்தோஷம். ஆனா இட்லி மாவாட்டுற கிரைண்டரும் படுக்கையறை ஏசியும் ஒரே வரித் தட்டுல உட்கார்ந்திருக்கு பாருங்க! சின்னப் பட்டறைகள் முழுக்க முழுக்க இங்கேயே செய்யற ஒரே பெரிய வீட்டு உபயோக மெஷினுக்கு இதுதான் மரியாதையா?

அதனால நம்ம கோரிக்கை நாலு:

1. வீட்டு உபயோகப் பொருள் முதலீட்டு ஒப்பந்தம் ஒவ்வொண்ணுலயும், எத்தனை சதவீதம் பாகம் தமிழ்நாட்டுக்குள்ள செய்யணும், எத்தனை வருஷத்துக்குள்ளங்கிறது எழுதப்படணும். அது மக்கள் பார்வைக்கு வரணும்.

2. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துல சிறு, குறு நிறுவனங்களுக்காக ஒரு உதிரிபாகத் தொழிற்பேட்டை. பொது டூல் ரூம், டெஸ்டிங் லேப் அரசு அமைச்சுத் தரணும். அந்தச் செலவைத் தனி ஒரு பட்டறைக்காரரால தாங்க முடியாது.

3. அரசுச் சலுகை வாங்குற எந்த ஆலையும் சங்கத்தை மதிக்கணும். நிரந்தரமா நடக்கிற லைன் வேலைக்கு கான்ட்ராக்ட் ஆள் கூடாது.

4. வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி மறுபடி 5 சதவீதம். ஜிஎஸ்டி கவுன்சில்ல மத்திய அரசும் உட்காருது, மாநில அரசும் உட்காருது. ரெண்டு பேர் கிட்டயும் கேட்போம்.

தோழர்களே, இதைப் படிச்சிட்டு லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. ஸ்ரீபெரும்புதூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற உங்க தம்பிக்கும் அண்ணனுக்கும் அனுப்புங்க. லைன்ல வேலை பார்க்கிறவங்க, பட்டறை வச்சிருக்கிறவங்க, மில்லுல ஃபிட்டரா இருந்தவங்க கமெண்ட்ல எழுதுங்க. எந்தப் பாகத்தை நம்ம ஊர்ல செய்ய முடியும், அதுக்கு என்ன மெஷின் வேணும், என்ன தடை இருக்குனு விவரமாச் சொல்லுங்க. தொகுத்து மனுவா எழுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துல நாமளே நேர்ல போய்க் கொடுப்போம்.

அடுத்த தடவை உங்க ஊருக்கு ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், நம்ம கட்சிக்காரரே வந்தாலும், "எத்தனை கோடி"னு கேட்காதீங்க. "எந்தப் பாகம், எந்த ஊர்ல, எந்தச் சம்பளத்துக்கு"னு கேளுங்க.

#எங்க_ஊர்ல_என்ன_பாகம்