பழுதான விசையும் பழுதான சட்டமும்

மோட்டார் நிறுவனங்கள் தாம் விற்ற வாகனங்களைப் பழுதின் காரணமாகத் திரும்ப அழைப்பது, நாளேடுகளின் வணிகப் பக்கத்தில் இன்று வழக்கமான செய்தியாகிவிட்டது. சன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மின்விசை, பிரேக், ஏர்பேக் என ஏதேனும் ஓர் உறுப்பில் கோளாறு. இத்தனை ஆயிரம் வாகனங்கள். இலவசமாக மாற்றித் தரப்படும் என நான்கு வரிகள். அதுவே நிறுவனத்தின் நேர்மைக்குச் சான்றாகவும் காட்டப்படுகிறது. அந்த நான்கு வரிகளுக்குள் அடங்காதவர்கள் யார் என்பதே தொழிலாளி வர்க்கம் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

‘பவர் விண்டோ’ எனப்படும் மின்விசைச் சன்னலின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2009இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஹோண்டா ஜாஸ் காரில் பற்றிய தீ ஒரு சின்னஞ்சிறு குழந்தையின் உயிரைப் பறித்தது. ஓட்டுநர் பக்கச் சன்னல் வழியே மழைநீர் விசைப்பெட்டிக்குள் புகுந்தால் அது சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பது பின்னர் வெளிப்பட்டது. 2010 ஜனவரியில் அந்நிறுவனம் உலகெங்கும் சுமார் 6.46 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. இந்தியாவில் 2007இல் தயாரான 8,532 சிட்டி கார்களும் அவற்றுள் அடக்கம். 2012 அக்டோபரில் டொயோட்டா 74 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைத் திரும்ப அழைத்தது. சன்னல் விசைக்குள் மசகு சீராகப் பூசப்படாததே அங்கே கண்டறியப்பட்ட குறை. மூன்றாண்டுகள் கழித்து, 2015 அக்டோபரில், அதே நிறுவனம் அதே உறுப்புக்காக மேலும் 65 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

செலவைக் குறைப்பதற்காக ஒரே உறுப்பைப் பல மாதிரி வாகனங்களில் பொருத்துவது மூலதனத்தின் நடைமுறை. இலாபம் பெருகும் அதே வேகத்தில் பழுதும் பெருகுகிறது. மசகின் ஒரு பூச்சு பிசகினால் பல நாடுகளின் சாலைகளில் இலட்சக்கணக்கான உயிர்கள் ஆபத்துக்குள்ளாகின்றன. இதைத் தற்செயலான விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது.

இனி, மூணாறுக்கு வருவோம். ஆண்டின் பல மாதங்கள் மழையும் மூடுபனியும் சூழ்ந்த மலைச் சாலைகள் இவை. விசைக்குள் ஈரம் புகுவதற்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் டாக்சி ஓட்டுநர்களில் பலர் இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ கடனில் வண்டி வாங்கியவர்கள். நிறுவனத்தின் அறிவிப்புக் கடிதமோ முதன்முதலில் வாங்கியவரின் முகவரிக்குச் செல்கிறது. தப்பித் தவறி ஓட்டுநர் கைக்கு வந்தாலும், அது ஆங்கிலத்தில் இருக்கிறது. வண்டியை மலையிறக்கிப் பணிமனையில் விட்டால் அன்றைய வருமானம் போய்விடும்; கடன் தவணை மட்டும் நிற்காது. உறுப்பு இலவசம் என்கிறது நிறுவனம். இழந்த நாளின் கூலிக்கு யார் பொறுப்பு?

ஓட்டுநருக்கும் கீழே வேறொரு அணி இருக்கிறது. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் செல்லும் பெண் தொழிலாளர்கள் ஜீப்புகளில் அடைத்து ஏற்றப்படுகிறார்கள். பல ஜீப்புகளில் சன்னலே கிடையாது, தார்ப்பாய்தான் உண்டு. பிரேக் தேய்ந்தாலும் டயர் வழுக்கினாலும் முதலில் உயிரைக் கொடுப்பவர்கள் அவர்களே. ஆயினும் வாகனப் பாதுகாப்பு பற்றிய எந்தக் கணக்கிலும் அவர்கள் பெயர் இல்லை. ஏனெனில் அவர்கள் வண்டியின் உரிமையாளர்கள் அல்லர்.

சட்டம் என்ன சொல்கிறது? 2012 வரை இந்நாட்டில் வாகனங்களைத் திரும்ப அழைப்பதற்கு முறையான விதி ஏதும் இருக்கவில்லை. அந்த ஆண்டு மோட்டார் உற்பத்தியாளர் சங்கமே தனக்கென ஒரு தன்விருப்ப நெறியை வகுத்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம்தான் 110ஏ பிரிவின் வழியாக, பழுதான வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளித்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இதை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் அந்த முன்னேற்றம் எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் காண வேண்டும்.

முதலாவதாக, ஏழாண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே இவ்விதி பொருந்தும். டொயோட்டா 2015இல் திரும்ப அழைத்தவை 2005 முதல் 2010 வரை தயாரான வாகனங்கள். நம் விதியின் அளவுகோலால் அவற்றில் பல தப்பிப் போயிருக்கும். பழுது முதுமையில்தான் தலைகாட்டும். ஏழைகள் ஏறும் வண்டியும் முதிய வண்டிதான்.

இரண்டாவதாக, ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் கார் மாதிரி ஒன்றில் ஒரே பழுது குறித்து 1,250 உரிமையாளர்கள் புகார் அளித்தால்தான் கட்டாய நடவடிக்கைக்கான வரம்பு எட்டப்படுகிறது. ஓட்டுநரும் பயணியும் இந்த எண்ணிக்கையில் வருவதில்லை.

மூன்றாவதாக, நிறுவனம் தானே பழுதைக் கண்டு அரசுக்குத் தெரிவித்துத் திரும்ப அழைத்தால் அபராதமே இல்லை. எத்தனை காலம் அறிந்தும் மௌனம் காத்தது என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. அரசு ஆணையிட நேர்ந்தாலும், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கான உச்ச அபராதம் ஒரு கோடி ரூபாய். அதாவது காருக்கு நூறு ரூபாய்கூட வராது. அதே சட்டம், உரிமம் இன்றி வண்டி ஓட்டியவருக்கு விதிக்கும் அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. உரிமம் இல்லாத குற்றத்தைச் சிறிதென்று எவரும் சொல்லவில்லை. தீப்பிடிக்கும் விசையைப் பொருத்தி விற்ற குற்றம் அதைவிட ஐம்பது மடங்கு சிறியது என்று சொல்வது எந்த நீதி?

கார் சன்னலைப் பற்றித் தோட்டத் தொழிலாளரின் கட்சி ஏன் கவலைப்பட வேண்டும், கூலியும் லயமும் இருக்கும்போது இது நடுத்தர வர்க்கத்தின் சிக்கல் அல்லவா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கூலியின் முதன்மையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூலியை ஈட்ட உயிருடன் மலையேறி உயிருடன் இறங்க வேண்டும். காரில் அமர்ந்தவரின் பாதுகாப்பையும் ஜீப்பில் நின்றவரின் பாதுகாப்பையும் ஒரே கோரிக்கையாக இணைக்கும்போதுதான் நிறுவனத்தின் முன் இருவரும் தனித்தனியே நிற்க வேண்டிய நிலை மாறும்.

அதற்கான வாசல் சட்டத்திலேயே சிறிது திறந்திருக்கிறது. உரிமையாளர்களின் புகார் மட்டுமன்றி, சோதனை நிலையத்தின் அறிக்கையையும் ‘வேறு எந்த வழியாகவும்’ வரும் தகவலையும் அரசு ஏற்கலாம் என்று 110ஏ பிரிவு கூறுகிறது. இந்தச் சொற்களை உயிர்ப்பிக்க வேண்டியது தொழிற்சங்கங்களின் கடமை. டாக்சி, ஜீப், ஆட்டோ ஓட்டுநர் சங்கங்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பதிவேடு தொடங்கட்டும். வண்டியின் மாதிரி, தயாரிப்பு ஆண்டு, பழுது, நாள் ஆகியவற்றை எழுதித் தொகுத்து, மோட்டார் வாகனத் துறைக்கும் ஒன்றிய அமைச்சகத்துக்கும் சங்கத்தின் பெயரில் அனுப்பட்டும். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொண்டு, அது திரும்ப அழைக்கப்பட்டதா என்று பார்த்துச் சொல்லும் பணியை இளம் தோழர்கள் ஏற்கட்டும். தனி ஓட்டுநரின் முணுமுணுப்பு பணிமனை வாசலோடு கரைந்துவிடும். நூறு பதிவுகள் கொண்ட ஏட்டை அவ்வளவு எளிதில் ஒதுக்க இயலாது.

இத்துடன் கோரிக்கைகளும் தெளிவாக வைக்கப்பட வேண்டும். ஏழாண்டு வரம்பு நீக்கப்பட வேண்டும். உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்தால், ஒரே ஒரு புகாரும் விசாரணைக்குப் போதுமானதாக வேண்டும். அபராதம் வாகனங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர வேண்டும். பழுதை மறைத்த காலத்துக்கும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். வண்டி பணிமனையில் நிற்கும் நாளுக்கு ஓட்டுநருக்கு ஈடு வழங்க வேண்டும். தமிழ் மொழிச் சிறுபான்மையினர் பெருமளவில் வாழும் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் அறிவிப்புகள் மலையாளத்துடன் தமிழிலும் தரப்பட வேண்டும். தொழிலாளர்களை ஏற்றி வரும் வாகனத்தின் தகுதிக்குத் தோட்ட முதலாளியே பொறுப்பேற்க வேண்டும்.

பழுதான விசையை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். உடைமை உள்ளவரை மட்டும் எண்ணும் சட்டத்தை மாற்ற நெடிய போராட்டம் தேவை. அதன் முதல் படி, இதுவரை எண்ணப்படாதவர்களை நம் பதிவேட்டில் எண்ணத் தொடங்குவதே.