முதல் செலவு தரைக்கு

1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் தயாரான செவ்ரலே சி10 பிக்கப், உழைப்பதற்காகவே பிறந்த வண்டி. சாதாரண மாடலில் காலடியில் ரப்பர் விரிப்பு, ரெக்ஸின் போர்த்திய ஒரே நீள சீட், பெயின்ட் அடித்த தகர டாஷ்போர்டு, அவ்வளவுதான். கார்பெட் வேண்டியவர்கள் கூடுதல் விலை கொடுத்து உயர்ரக மாடலுக்குப் போனார்கள்.

இப்படியொரு பழைய வண்டியின் உட்புறத்தைக் குறைந்த செலவில் புதுப்பிக்க நினைப்பவருக்கு இந்த எளிமையே வரம். ஆனால் பலர் முதல் பணத்தைப் பளபளக்கும் சீட் கவரில் போட்டுவிடுகிறார்கள். அது வீண். முதலில் பழைய விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கதவோரத்து மூலைகளில் துரு அரித்திருந்தால் அதைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, ப்ரைமர் பூசி, மேலே பியூட்டைல் தாள் ஒட்டினால் இரைச்சலும் அதிர்வும் நன்றாகவே அடங்கும்.

சீட் வேலையை வீட்டிலேயே செய்யலாம். கவரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கம்பி வளையங்களை வெட்டி, அமுங்கிப்போன ஃபோமை மாற்ற வேண்டும். புது ரெக்ஸினைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு, இளகியதும் இழுத்து மாட்டினால் சுருக்கம் விழாது.

சீட்டைக் கழற்றிய கையோடு பின்னாலிருக்கும் பெட்ரோல் டேங்கின் ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுவது நல்லது. ஆம், இந்த வண்டிகளில் டேங்க் கேபினுக்குள்தான்! 1973 மாடலில்தான் அது வெளியே போனது.

டாஷ்போர்டை மட்டும் புது ஸ்டீரியோவுக்காக அறுக்கவே கூடாது. சின்ன ப்ளூடூத் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை க்ளவ் பாக்ஸுக்குள் வைத்தாலே பாட்டு கேட்கும்.