வீடற்றோர் திரையில் வீடு

பாவைக்கூத்து செத்த கலை என்று சொல்லிவிட்டு, அதற்கு ஆண்டுதோறும் நினைவுவிழா எடுப்போர் தமிழ்நாட்டிற் பெருகிவிட்டனர். அரசுப் பொருட்காட்சியிற் பத்து மணித்துளி. சுற்றுலா விடுதியில் அயல்நாட்டார் உணவருந்தும் வேளையிற் பத்து மணித்துளி. பள்ளி ஆண்டுவிழாவிற் பத்து மணித்துளி. இராமகாதையைப் பத்து இரவு தொடர்ந்து ஆடிய கூத்தைப் பத்து மணித்துளியாக நறுக்கிவிட்டு, பழங்கலையைப் பாதுகாத்துவிட்டதாக மார்தட்டுகின்றனர். கண்ணாடிப் பேழையுள் வைத்துத் தூசு தட்டும் பொருளுக்கும் இக்கலைக்கும் அவர்கள் வேறுபாடு காண்பதில்லை. தோற்பாவை எதற்காக ஆடப்பட்டது, யாரைப் பார்த்து எதைக் கேட்டது என்னும் வினா அவர்கள் உள்ளத்தில் எழுவதே இல்லை.

அவ்வினாவுக்குரிய விடை, ஆடப்பட்ட கதைகளுக்குள்ளேயே இருக்கிறது. இராமன் நாடிழந்து பதினான்கு ஆண்டு காட்டில் திரிகிறான். அரிச்சந்திரன் நாட்டைக் கொடுத்து, மனைவியையும் மகனையும் விற்று, சுடுகாடு காக்கிறான். நல்லதங்காளோ பஞ்சத்துக்கு அஞ்சி, ஏழு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அருச்சுனாபுரத்துக்குத் தன் அண்ணன் வீடு தேடி வருகிறாள். அண்ணன் இல்லாத வேளையில் அண்ணி மூளியலங்காரி அவளுக்குச் சோறிடாமற் கதவடைக்கிறாள். பிறந்த வீடும் தன் வீடில்லை என்று கண்ட அப்பெண், பிள்ளைகளைக் கிணற்றிலிட்டுத் தானும் வீழ்ந்து மாய்கிறாள். தென்பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் இக்கதை ஆடப்பட்ட இரவுகளிற் பெண்கள் வாய்விட்டு அழுதனர். அது பொழுதுபோக்கிற்கு அழுத அழுகையா? மணமான மகளுக்குப் பிறந்த வீட்டில் என்ன உரிமை என்று ஊர் நடுவே கேட்க அவர்களுக்கு வேறு மன்றம் இருந்ததில்லை. மகளுக்கும் சொத்திற் சமபங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் வந்தது. அச்சட்டத்துக்குப் பல தலைமுறை முன்னரே அவ்வழக்கு எண்ணெய் விளக்கின் முன்னே, வெள்ளைத் திரையின் மேலே நடத்தப்பட்டது. வழக்காடியது ஓர் ஆட்டுத்தோற் பாவை.

ஆக, வீடு எது, ஊர் எது, யார் உள்ளார், யார் வெளியார் என்று ஓர் ஊர் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட இடமே பாவைக்கூத்துத் திரை. அதைக் கேட்க வைத்தவர் யார்? தமக்கென்று ஒரு வீடும் இல்லாதவர்! தமிழ்நாட்டில் தோற்பாவைக் கூத்தை ஆடிவருவோர் மண்டிகர் என்னும் குடியினர். மராட்டிய அரசர் தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்ட காலத்தில் தம் முன்னோர் தெற்கே வந்தனர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. தஞ்சையிலிருந்து மதுரை, நெல்லை, குமரி என்று ஊர் ஊராய் நகர்ந்தனர். ஊர்ப்புறத்தே கூடாரம் அடித்து, ஒருவரே அத்தனை பாவைக்கும் குரல் கொடுத்து, மனைவியும் மக்களும் பக்க இசை இயக்க, விடியும்வரை ஆடினர். கதை முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தனர். பிறர் வீட்டுக் கதையைச் சொல்லிச் சொல்லியே தம் வீடின்மையை மறந்தனர் போலும்!

இங்கேதான் சிலர் குறுக்கிடுகின்றனர். "இவர்கள் வீட்டில் மராட்டியம் பேசுகிறவர்கள், அயலார், இவர்கள் கலை தமிழர் கலை ஆகுமா?" என்கின்றனர். இது தமிழ்ப்பற்று போலத் தோன்றும். ஆராய்ந்தால் அறியாமை என்று விளங்கும். முதலாவது, பாவையாட்டம் மராட்டியரோடு வந்திறங்கியதன்று. நாணால் ஆட்டப்படும் மரப்பாவையைத் திருக்குறளின் 1020ஆம் பாடலே உவமையாக எடுத்தாள்கிறது. கேட்போர் அறியாத பொருளை வள்ளுவர் உவமையாக்குவாரா? இரண்டாவது, அவர்கள் தம் தாய்மொழியைத் தம் வீட்டிற் காத்தது குற்றமாகாது. தாய்மொழியைக் காப்பது அறம் என்று முழங்குவோர், மற்றொருவர் அவ்வறத்தைச் செய்தால் இகழலாமா? மூன்றாவதே தலையாயது. அவர்கள் திரைக்குப் பின்னால் அமர்ந்து, இரவுதோறும் தமிழிற் பாடினர், தமிழில் வழக்காடினர், உச்சிக்குடுமியையும் உளுவத்தலையனையும் தமிழிலேயே ஊராரைக் கேலி செய்ய விட்டனர். எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான தமிழர் காதிற் கதையையும் பழமொழியையும் நாட்டுப்புறச் சொல்லையும் ஊற்றியவர் அவர்கள். வீட்டிலும் பேசத் தமிழிருக்க, பிள்ளை வாயில் "அம்மா" என்னும் சொல்லையே மாற்றி ஆங்கிலத்தைத் திணித்து மகிழும் தமிழ்ப்பெற்றோர் எங்கே, வீட்டில் வேறுமொழி இருந்தும் வீதிக்குத் தமிழ் வழங்கிய இக்கூத்தர் எங்கே! இவ்விருவருள் அயலார் யார் என்று தமிழரே தீர்ப்புச் சொல்லட்டும்.

தமிழின் வீடு எதுவரை நீண்டது என்பதற்கும் பாவைக்கூத்தே சான்று. பாலக்காட்டுப் பகுதியிற் பகவதி கோயில்களின் முன்னே கூத்துமாடம் என்னும் நிலையான அரங்குகள் இன்றும் நிற்கின்றன. நீண்ட திரையின் பின்னே தேங்காய் முறிகளில் 21 விளக்கு ஏற்றி, இரவு முழுதும் கம்பரின் இராமகாதை ஆடப்படுகிறது. ஆடுவோர்க்குப் புலவர் என்பதே பட்டம். மொழிவாரி மாநிலங்கள் 1956இற் பிரிக்கப்பட்டபோது கோடு கிழித்தவர்களுக்கு இக்கூத்துமாடம் கண்ணிற் பட்டிராது. மலையாளம் பேசும் குடும்பங்கள் கம்பரின் தமிழ்ப் பாடல்களை நூற்றாண்டுக் கணக்கில் நெஞ்சில் எழுதிக் காத்து வந்திருக்கின்றன. அவருள் ஒருவரான இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது.

ஆயினும் அங்கே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அக்கூத்துமாடங்களின் முன்னே பல இரவுகளில் மக்கள் இருப்பதில்லை. பகவதி ஒருத்தியே பார்ப்பவள் என்று சொல்லி ஆடுவோர் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். பாட்டு காக்கப்பட்டது, பாட்டின் மொழியோ கேட்போரை விட்டு அகன்றது. கேட்போர்க்கு விளங்காத மொழியில் எத்துணை உயர்ந்த கலையும் ஊரின் கலையாக நீடிக்காது. கோயிற் கடனாகச் சுருங்கும். நாளைத் தமிழ்நாட்டிலேயே இந்நிலை வராது என்று யாரால் உறுதி கூற முடியும்? ஆங்கிலவழிப் பள்ளியில் வளரும் தமிழ்ப்பிள்ளைக்கு நல்லதங்காள் ஒப்பாரி விளங்காத நாளில், அங்கும் வெற்றிடத்தை நோக்கியே விளக்கு எரியும்.

பாவையின் ஆற்றலை உணர்ந்த ஓரினத்தின் வரலாற்றைத் தமிழர் அறிந்திருத்தல் வேண்டும். செக்கு மக்கள் 1620இற் போரில் தோற்றபின் செருமானியம் அவர்கள் தலைமேல் ஏறியது. ஆட்சியும் கல்வியும் நகர அரங்கும் அம்மொழிக்கே உரியவாயின. செக்கு மொழியின் வரலாற்றை எழுதிய தொபுரோவுசுகி என்னும் அறிஞரே அந்நூலைச் செருமானியத்தில்தான் எழுதினார். அந்நிலையிற் சிற்றூர்தோறும் மரப்பாவைகளைச் சுமந்து சென்று, மக்கள் மொழியில் ஆடியவர் நாடோடிக் கூத்தர். அவருட் பெயர்பெற்றவர் மத்தேய் கோபெட்சுகி (1775–1847). அவர் வழிவந்த பாவை நாடகங்களுக்குச் சுமெத்தனா என்னும் பேரிசையறிஞர் 1860களில் முகப்பிசை அமைத்துப் பெருமை செய்தார். அறிஞர் யுங்குமன் 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாக அகரமுதலி வெளியிட்டு, செக்கு மொழிக்குத் தனிச்சொல் வளம் சேர்த்தார். நாடக அரங்கிற்கு அவர்கள் வழங்கும் "திவத்லோ" என்னும் சொல்லும் பார்த்தற் பொருளுடைய தம் சொந்த வினையடியிற் பிறந்ததே. ஊர்மன்றிற் கூத்தர் பேச, ஏட்டில் அறிஞர் எழுத, ஒரு மொழி தன் வீட்டுக்குத் திரும்பியது.

அவ்வளவோடும் நிற்கவில்லை. நாட்சிப் படை 1939இல் அந்நாட்டைப் பிடித்தபோது, யோசெப்பு சுகூப்பா என்பவர் பாவைகளின் வாயாற் குறிப்புமொழியிற் பேசி மக்களைத் தேற்றினார். 1944இல் அவர் சிறைப்பட்டார், அரங்கு மூடப்பட்டது. 1945 பிப்பிரவரியில் திரெசுதன் நகர்மேல் குண்டு பொழிந்தபோதே அங்குள்ள சிறையிலிருந்து தப்பினார். மரக்கட்டை பேசும் பேச்சுக்குப் பேரரசு ஏன் அஞ்சியது? அக்கட்டையின் வாயில் இருந்தது மக்களின் மொழி என்பதால் அஞ்சியது. செக்கு, சுலோவாக்கிய நாடுகளின் பாவைக்கலையை 2016இல் யுனெசுக்கோ மாந்தகுலத்தின் மரபுச்செல்வமாகப் பதிந்தது.

தமிழ்நாட்டிற் பாவை பேசவேண்டிய செய்தி இல்லையா? மேட்டூர் அணை 1934இற் கட்டி முடிக்கப்பட்டபோது ஊர்கள் நீருக்குள் போயின. நீர் வற்றும் ஆண்டுகளிற் பண்ணவாடிப் பகுதியில் பழைய நந்திச் சிலையும் கிறித்தவக் கோயிற் கோபுரமும் தலைகாட்டுகின்றன. அவ்வூர்களின் கதை மட்டும் தலைகாட்டுவதில்லை. 1964 திசம்பரில் ஓரிரவுப் புயலில் தனுக்கோடி அழிந்தது. அதே ஆண்டு அத்தோபரில் இரண்டு தலைமையமைச்சர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கை, இலங்கை மலைநாட்டுத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. அங்கே இந்தியர் என்று ஒதுக்கப்பட்டவர், இங்கே வந்ததும் சிலோன்காரர் ஆயினர். அவருட் பலர் நீலமலை அரசுத் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். 2022இல் அத்தோட்டங்களின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு முடிவெடுத்தபோது, மீண்டும் வீடு போகுமோ என்று அஞ்சினர். 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் தங்கியுள்ள முகாம்களுக்கு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாறியது, குடியுரிமை வந்ததா? 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. முகாமிற் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியிற் பயின்று, வேற்றூரை அறியாத பிள்ளையும் ஏதிலியாகவே எண்ணப்படுகிறது. நல்லதங்காள் இன்னும் அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறாள். மூளியலங்காரி மட்டும் அரசாணையாக உருமாறியிருக்கிறாள்!

"பாவைக்கூத்து தொன்மப் புளுகைப் பரப்புவது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது" என்று வேறு சிலர் தள்ளுவர். தோலுக்கும் விளக்குக்கும் தொன்மம் ஏது? நல்லதங்காள் கதையில் வருவோர் கடவுளரா? பசித்த பெண்ணும் பூட்டிய கதவும் அல்லவா? இராமனை ஆட்டிய கை தனுக்கோடி மீனவரையும் ஆட்டும். "திரைப்படமும் கைப்பேசியும் வந்தபின் பாவைக்கு ஏது இடம்?" என்பர். திரைப்படம் எங்கோ எடுக்கப்பட்டு ஊருக்கு வருகிறது. பாவையோ ஊர்ப்பிள்ளையின் கையால் வெட்டப்பட்டு, ஊர்க்கிழவியின் சொல்லைப் பேசக்கூடியது. தன் நாவால் சொல்ல நாணுகிற துயரையும் பாவையின் வாயால் ஏழையொருவர் சொல்லிவிட முடியும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு வேட்டி, ஒரு விளக்கு, கெட்டித்தாள், கத்தரி போதும்.

ஆகவே செய்யத்தக்கன இவை. ஊர்தோறும், முகாம்தோறும், தோட்டக் குடியிருப்புதோறும் முதியோர் சொல்லும் ஊர்க்கதையை இளைஞர் தொகுத்துப் பாவையாக்க வேண்டும். கற்றுக்கொடுக்க மண்டிகர் குடியின் கூத்தரை உரிய ஊதியம் தந்து அழைக்க வேண்டும். பேச்சு அவ்வவ் வட்டாரத்துத் தமிழாகவே இருக்க வேண்டும். மேடைத்தமிழென்று வடசொல்லும் ஆங்கிலமும் கலந்த கலவையைத் திணித்தால், பாலக்காட்டுக் கூத்துமாடத்தின் வெற்றிடம் இங்கும் நேரும். ஊர்ப்புறத்திலேயே வாழ்நாள் கழித்த கூத்தர் குடும்பங்களுக்கு அரசு வீட்டுமனையும் பட்டாவும் வழங்க வேண்டும். பாவைக்குப் பேழை செய்துதரும் அரசு, பாவையாட்டிக்குக் கூரை தராவிடின் அது என்ன கலைக்காப்பு?

உள்ளத்தில் நாண் இல்லாதவர் உலவுவது, கயிற்றால் ஆடும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்று வள்ளுவர் சொன்னார். பிறர் மொழியாற் பேசி, பிறர் இழுத்த பக்கம் ஆடி, தன் வீட்டு வாசலில் நிற்கும் உடன்பிறப்புக்குக் கதவடைக்கும் இனத்துக்கும் அவ்வுவமை பொருந்தும். பாவைக்கு நாண் கயிறு. மாந்தனுக்கு நாண் மானம். தமிழர் கையில் எந்த நாண் இருக்கிறது என்பதை, கதவு திறப்பதைக் கொண்டே உலகம் அறியும்.