ஊறல் போடலாம் வாங்க!

'வீட்டிலேயே பீர் செய்வது எப்படி, ஸார்?' என்று கேட்கிறார் ஒரு தம்பி. அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். பெரம்பலூரில் ரூம். பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் அவர் மாதிரி பேச்சுலர்கள் இரண்டு ஊரிலும் ஏகப்பட்ட பேர் இருப்பதால், பதிலைப் பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

பீர் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. பார்லியை ஊறவைத்து, முளை கட்டி, உலர்த்தினால் அதுதான் மால்ட். முளை விடும்போது தானியத்துக்குள் ஒருவகை என்ஸைம் உண்டாகிறது. மால்ட்டை உடைத்துச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால், அந்த என்ஸைம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். வடிகட்டி, கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறினதும் ஈஸ்ட் சேர்க்கணும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் கக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் பீர். அவ்வளவுதான்!

ஈஸ்ட்டுக்குக் கிட்டத்தட்ட 20 டிகிரி குளுமை வேண்டும். சித்திரை மாசத்தில் பெரம்பலூர் மொட்டை மாடி ரூமில் 20 டிகிரிக்கு எங்கே போவது? ஆனால் அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்தில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இல்லாமலே வீட்டில் பீர் செய்யலாம். அமெரிக்க மத்திய அரசு 1979-ல் வழிவிட்டது. நமக்கோ 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். மது தயாரிப்பது மட்டுமில்லை, அதற்கென்று சாமான்களை வைத்திருப்பதே குற்றம். பீரும் அதில் மதுதான். 'நான் விக்கலையே ஸார், நானேதானே குடிக்கிறேன்?' என்பதெல்லாம் செல்லாது. அரசாங்கமே கடை போட்டு பீர் விற்கும். நீங்கள் செய்தால் கேஸ்! எந்த ஆடிட்டராலும் டேலி பண்ண முடியாத பேலன்ஸ் ஷீட் இது.

கிண்டலை விட்டுச் சொல்கிறேன். நம் பையன்களில் பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. எழுதிவிட்டு ரிஸல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள். வேலை கிடைத்தால் போலீஸ் வெரிஃபிகேஷன் வரும். ரெண்டு பாட்டில் பீருக்காக ஒரு எஃப்.ஐ.ஆர். என்றால், வரவை விடச் செலவு ஜாஸ்தி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதே மாதக் கடைசியில் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். பார்லி ஊறலில் அப்படி மெத்தனால் சேராது என்பது நிஜம். ஆனால் ரெய்டுக்கு வருகிறவர் பானையைப் பார்த்து, 'நீ நல்ல ஊறலா, கெட்ட ஊறலா?' என்று விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்.

இத்தனைக்கும் இந்த வித்தை நமக்குப் புதுசே இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறது. மீனவர் வீட்டில் அரிசியைக் களியாகக் காய்ச்சி, ஆறவைத்து, நெல்முளையை இடித்த மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு ஊறவைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். பார்லிக்குப் பதில் நெல், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் காலத்தில் அதற்குக் கேஸ் கிடையாது. கொடுத்து வைத்தவர்கள்!

ஆக, ஊறல் போட்டே தீருவேன் என்பவர்களுக்குச் சட்டம் தடுக்காத ஒரு ஊறல் சொல்கிறேன். கூழ். சிரிக்காதீர்கள். தானியம், தண்ணீர், சூடு, சுத்தமான பாத்திரம், பொறுமை என்று பீருக்கு வேண்டிய அத்தனையும் இதற்கும் வேண்டும். ஈஸ்ட் வேலையைப் பெரும்பாலும் லாக்டிக் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்.

ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து ராத்திரி மூடி வையுங்கள். மறுநாள் லேசாகப் புளிப்பு வாசனை வரும். ஒரு பிடி நொய்யை நாலு டம்ளர் தண்ணீரில் வேகவிட்டு, கரைத்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி, இன்னொரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் மோரும் உப்பும் போட்டுக் கரைத்தால் சரக்கு ரெடி. ஸைட் டிஷ்ஷுக்கு அலைய வேண்டாம். சின்ன வெங்காயத்துக்குப் பெயர் போன ஜில்லாவில்தானே இருக்கிறீர்கள்? நாலு உரித்துக்கொள்ளுங்கள்.

இதில் கைப்பக்குவம் வந்ததும் அடுத்த பாடம். கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் முளை கட்டி, காயவைத்து அரையுங்கள். குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிற அந்த ராகி மால்ட்டும் பீர்க்காரனின் மால்ட்டும் பங்காளிகள்தான். ஒன்று தொட்டிலுக்குப் போயிற்று, இன்னொன்று பாட்டிலுக்கு.

கூழில் கிக் இருக்காதுதான். ஆனால் காலை எட்டு மணி அரியலூர் பஸ்ஸைத் தலைவலி இல்லாமல் பிடிக்கலாம். நடுராத்திரி யாராவது கதவைத் தட்டினாலும் பயமில்லை. பக்கத்து ரூம்காரராகத்தான் இருக்கும்... கையில் காலி டம்ளரோடு!