பின்வரிசைக்காரரின் முதல் தட்டு

பழைய இசைத்தட்டை மறுபதிப்புச் செய்வது, விற்ற சரக்கையே மீண்டும் விற்கும் வாணிகம் என்று எண்ணியிருந்தவன் நான். ரான் கார்ட்டரின் தட்டைக் கேட்டபின் என் கருத்தை மாற்றிக் கொண்டேன். அதன் பெயர் ‘வேர்?’ ஆங்கிலத்தில் ‘எங்கே?’ என்று பொருள். தமிழ்க் காதுக்கோ மரத்தின் வேராகவே ஒலிக்கிறது, பொருத்தந்தான்!

ஜாஸ் இசையில் பேஸ் என்பது ஆளுயர நரம்புக் கருவி. ஊதுகருவிகள் முன்னே முழங்கும். பேஸ் பின்னே நின்று தாங்கும். மாளிகையைப் புகழ்வோர் கடைக்காலை நினைப்பதுண்டா?

1937இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த கார்ட்டர், பத்து வயதில் விரும்பி எடுத்தது செல்லோ. டெட்ராய்ட் பள்ளியில் வாய்ப்புகளெல்லாம் வெள்ளை மாணவரையே நாடிச் செல்வதைக் கண்டார். செல்லோவை வைத்துவிட்டுப் பேஸை எடுத்தார். 1959இல் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் பட்டமும் பெற்றார். திறமை இருந்தது, பட்டம் இருந்தது, பெரிய இசைக்குழுவில் இடம் மட்டும் இல்லை. ஏன்? தோலின் நிறம்! கறுப்பரை ஏற்க நிர்வாகம் இசையாது என்று புகழ்பெற்ற நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கியே தம்மிடம் சொன்னதாகக் கார்ட்டர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

1961 ஜூன் 20ஆம் நாள், தம் 24ஆம் வயதில், அவர் தலைமையில் முதல் தட்டு பதிவாயிற்று. எரிக் டால்ஃபி ஊதினார். மால் வால்ட்ரன் பியானோ வாசித்தார். தலைவர் என்ன செய்தார்? பேஸை ஜார்ஜ் டுவிவியரிடம் விட்டுவிட்டு, சில உருப்படிகளில் செல்லோவைக் கையில் ஏந்தினார்! நிறவெறி பறித்த கருவியை, தலைமை கிடைத்த முதல் நாளிலேயே மீட்டுக்கொண்டார்.

1970களில் இத்தட்டு, டால்ஃபியின் வேறொரு தட்டுடன் இணைந்து ‘மேஜிக்’ என்று வெளிவந்தது. பெயர்வரிசையில் டால்ஃபி முன்னே, கார்ட்டர் பின்னே. டால்ஃபி மேதை, ஐயமில்லை. அவர் பெயரால் தட்டு விற்கும், அதுவும் உண்மை. ஆனால், தலைவராக நின்ற அன்றைக்கும் ஒருவரைப் பின்வரிசைக்கே அனுப்பலாமா? பின்னர் ‘ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்’ வரிசையில் வந்த மறுபதிப்பு, தட்டை அதன் பழைய வடிவிலேயே, கார்ட்டர் பெயரிலேயே தந்தது. அதுவே முறை.

2,221 பதிவுகளில் வாசித்தவர் என்று 2015இல் கின்னஸ் நூல் கார்ட்டரைப் பதிந்தது. அவற்றில் பெரும்பாலானவை பிறர் தலைமையில் வந்தவை. ஆகவே, மறுபதிப்புச் செய்வோரே, வணிகம் செய்யுங்கள், வரலாற்றை மாற்றாதீர்கள்! நண்பர்களே, தட்டை வாங்கினால் உறையின் பின்பக்கத்தையும் படியுங்கள். யார் எதை வாசித்தார் என்பதும் இசையில் ஒரு பகுதியே.