கோட்டைப் பெருமையும் வீட்டுக் குப்பையும்

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் இடம் பெற்றது. ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட 12 கோட்டைகளுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இஃதொன்றே. தமிழர் யாவரும் மகிழத்தக்க விஷயம். ஆயினும், கௌரவம் வந்த ஊருக்குக் கடமையும் கூடவே வருகிறது.

கோட்டை மதிலைக் காக்கத் தொல்பொருள் இலாகா இருக்கிறது. வீடுகளிலிருந்து தினந்தோறும் வெளிவரும் குப்பைக்கு யார் பொறுப்பு? பேரூராட்சியின் தலையில் போட்டுவிடுவது எளிது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், மக்குவது, மக்காதது, அபாயகரமானது என்று பிரித்துக் கொடுக்கும் கடமையை வீட்டாரிடமே வைத்தன. தெருவில் எறிவதையும் கொளுத்துவதையும் தடுத்தன. குறை சட்டத்தில் இல்லை, அனுஷ்டானத்திலேயே இருக்கிறது.

காய்கறித் தோலும் காகிதமும் உடைந்த கண்ணாடியும் ஒரே கூடையில் விழுந்தால் என்னவாகும்? தோல் எருவுக்கு உதவாது. காகிதம் பழைய சாமான் கடைக்கு உதவாது. கண்ணாடி கையைக் கிழிக்கும். யார் கையை? நம்மைப்போன்ற ஒரு மனிதரின் கையை. மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, வீட்டு அசுத்தத்தைப் பிறர் துழாவும்படி விடுவது நியாயமா என்று கேட்கிறோம்.

பரிகாரம் செலவற்றது. துவாரமிட்ட மண்தொட்டியில் சமையலறைக் கழிவைப் போட்டு, மேலே சருகும் சிறிது சாணமும் இட்டு, அவ்வப்போது கிளறிவந்தால் இரண்டு மூன்று மாதங்களில் எரு கிடைக்கும். கீழ்நாட்டுக் குடியானவரின் வழக்கத்தைக் கற்று, ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்ட முறையின் சாரமும் இதுவே. நெல்லும் மணிலாவும் விளையும் செஞ்சிச் சீமையில் எரு வேண்டாத நிலம் உண்டோ?

பிரிப்பதினும் குறைப்பது மேல். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021-இல் மஞ்சப்பைப் பிரசாரத்தையும் தொடங்கிற்று. எனினும், கடைக்குப் போகும்போது பையைக் கையிலெடுக்க வேண்டியவர் நாமே.

பொதுநல ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுமுன், தத்தம் வீட்டில் தனித்தனிக் கூடைகளை வையுங்கள். பேரூராட்சி வண்டியும் அவற்றைக் கலவாமலே ஏற்றவேண்டும். கலந்து ஏற்றினால் தட்டிக்கேட்கும் உரிமை, பிரித்துக் கொடுத்தவனுக்கே உண்டு.