வாலை மறைத்தால் வம்புதான்! ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைக் கவனிக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் வீட்டிலிருந்தே வேலை. வைஃபை அடிக்கடி கட் ஆகிறதே என்று ரூட்டருக்கு அப்டேட் போட உட்கார்ந்தார் நண்பர். நிறுவனத்தின் தளத்திலிருந்து ஃபைலை டவுன்லோட் செய்து ஏற்றினால், 'இந்த ஃபைல் செல்லாது' என்றது ரூட்டர். '.பிஐஎன்' ஃபைல்தான் வேண்டும் என்றது கையேடு. பெயரின் கடைசியில் அதைச் சேர்த்துப் பார்த்தார். மறுபடியும் அதே பதில். "அதான் பேரை மாத்திட்டேனே, இன்னும் என்னதான் வேணுமாம்?" என்று எனக்கு போன் வந்தது.

விஷயம் இதுதான். அவர் இறக்கியது ஜிப் ஃபைல். விண்டோஸ், தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை வழக்கமாகவே மறைத்துவிடும். ஆக, அவர் வைத்த பெயர் உண்மையில் 'அப்டேட்.பிஐஎன்.ஜிப்' ஆகிவிட்டது. வால் அப்படியே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஜிப்பைப் பிரித்ததும் அசல் ஃபைல் உள்ளேயே இருந்தது. இரண்டு நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் போச்சு.

சரி, வாலையே மாற்றிவிட்டால்? அப்போதும் உள்ளே இருப்பது மாறாது. உப்பு டப்பாவில் 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டினால் காபி இனிக்குமா? ஆண்ட்ராய்டில் 'எக்ஸ்ஏபிகே' ஃபைலை 'ஏபிகே' என்று மாற்றினாலும் இன்ஸ்டால் ஆகாததற்குக் காரணம் இதுவே. அது பல ஃபைல்களைக் கட்டிவைத்த மூட்டை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஆண்ட்ராய்டு போனுக்கான சிஸ்டம் அப்டேட்டை ஜிப்பாகவே கொடுக்க வேண்டும். மேக்கில் சஃபாரி அதை டவுன்லோட் ஆனதுமே தானாகப் பிரித்துவிடும். நாமே மறுபடி ஜிப் செய்து கொடுத்தால், டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாமல் போன் நிராகரித்துவிடும். சஃபாரி செட்டிங்ஸில் அந்த வசதியை அணைத்துவிட்டு, மீண்டும் டவுன்லோட் செய்வதுதான் வழி.

இதிலெல்லாம் 'பயனாளருக்கு விவரம் போதவில்லை' என்று சொல்வது நியாயமே இல்லை. தகவலை மறைத்து வைத்தது யார்? 2000 மே மாதம் உலகை உலுக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்ற இரட்டை வாலோடுதான் மின்னஞ்சலில் வந்தது. பின்வால் மறைந்திருந்ததால், சாதாரண கடிதம் என்று நம்பித் திறந்தவர்கள் ஏராளம். கால் நூற்றாண்டு ஆகியும் விண்டோஸில் அந்த வழக்கம் மாறவில்லை.

இன்று அதே தந்திரம் நம் பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது. டிராஃபிக் அபராத சலான், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வருகிறது. இன்ஸ்டால் செய்தால் ஓடிபி முதல் வங்கிப் பணம் வரை பறிபோகலாம். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும்; ஆப்பாக எதற்கு வர வேண்டும்?

எக்ஸ்டென்ஷனைக் காட்டுவதுதான் இயல்பு நிலையாக இருக்க வேண்டும். நிறுவனங்கள் மாற்றும்வரை நாமே மாற்றிக்கொள்வோம். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று போய் டிக் செய்யுங்கள். மேக்கில் ஃபைண்டர் செட்டிங்ஸின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் இந்த வசதி இருக்கிறது.

அரை நிமிட வேலைதான். இன்றைக்கே செஞ்சிடுங்க. வீட்டுப் பெரியவர்களின் கம்ப்யூட்டரிலும் மறக்காமல் செய்து கொடுங்கள்.